தாத்தாவின் சைகோன் கடிதங்களை விற்கலாமா?

கேள்வி: எங்கள் தாத்தா புதுச்சேரியைச் சேர்ந்தவர்; பிரெஞ்சு அரசுப் பணியில் சைகோனில் இருந்தவர். அவருடைய தகரப் பெட்டியில் ஏறத்தாழ 200 கடிதங்களும் ஒரு தபால்தலை ஆல்பமும் இருக்கின்றன. விஷயம் தெரிந்து சென்னையிலிருந்து வந்த ஒருவர், "கடிதங்கள் வீண் காகிதம், தபால்தலைகளை மட்டும் பிரித்தெடுத்து ஆல்பத்தோடு கொடுங்கள், 15,000 ரூபாய் தருகிறேன்" என்கிறார். ஏலத்துக்குக் கொண்டுபோனால் தொல்பொருள் என்று சொல்லி அரசாங்கமே எடுத்துக்கொள்ளும் என்றும் பயமுறுத்துகிறார். என் தம்பி சில உறைகளை ஏற்கெனவே தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டான். நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில் உங்கள் தம்பியை நிறுத்தச் சொல்லுங்கள். ஊறியவற்றை வெயிலில் காயவைக்காமல், வெள்ளை மைஒற்றுத் தாள்களுக்கிடையில் வைத்து நிழலில் உலர விடுங்கள். பிரிந்த தபால்தலை எந்த உறையிலிருந்து வந்தது என்பது இன்னும் நினைவிருந்தால், இரண்டையும் ஒரே காகிதப் பைக்குள் போட்டுப் பென்சிலால் குறித்து வையுங்கள். பசை தடவித் திரும்ப ஒட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒட்டுப்போட்ட உறையைப் பழகிய கண் உடனே கண்டுகொள்ளும், அதன்பின் அதே பெட்டியிலிருந்து வரும் நல்ல உறைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

அந்த மனிதர் சொன்னதற்கு நேர்மாறானதே உண்மை. இந்தோசீனாவின் (சைகோன் அடங்கிய பிரெஞ்சு ஆட்சிப் பகுதி; இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) சாதாரணத் தபால்தலைகள் லட்சக்கணக்கில் அச்சாகி உலகெங்கும் இறைந்து கிடப்பவை. உறையிலிருந்து பிரித்துவிட்டால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விலை என்று சொல்லும்படி ஒன்றும் தேறாது. ஆனால் சைகோனில் முத்திரை குத்தப்பட்டு, வழியில் ஓர் ஊரின் முத்திரையைப் பின்பக்கம் வாங்கிக்கொண்டு, புதுச்சேரி வந்து சேர்ந்த நாளின் முத்திரையோடும் பெறுநரின் பெயரோடும் நிற்கும் முழு உறை ஒரு பயணத்தின் சாட்சியமாகும். அஞ்சல் வரலாற்றைச் சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பது அந்தச் சாட்சியத்துக்குத்தான். 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் பலர் இந்தோசீனாவில் அரசுப் பணிகளில் அமர்ந்தார்கள். அவர்கள் வீடுகளுக்கு வந்த கடிதங்கள் இன்று கரையானுக்கும் பழைய பேப்பர் கடைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன என்பது என்னுடைய நெடுநாள் ஆதங்கம்.

ஆகவே உறை, உள்ளே உள்ள கடிதம், தபால்தலை ஆகிய மூன்றும் பிரியாமல் இருக்கட்டும். கத்தரிக்கோல், செல்லோடேப், ஸ்டேப்ளர், லாமினேஷன் ஆகிய நான்கும் அந்தப் பெட்டியின் பக்கமே வரக்கூடாது. நம் பக்கத்தில் பழைய காகிதம் கிடைத்தவுடன் லாமினேட் செய்து பாதுகாத்துவிட்டதாக நிம்மதி அடையும் வழக்கம் பரவிவிட்டது. சூட்டில் ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கை எந்த நிபுணராலும் சேதமின்றி உரிக்க முடியாது.

இனிக் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்குங்கள். 1940 முதல் 1946 வரையிலானவற்றைத் தனியே வையுங்கள். 1940 செப்டம்பரில் ஆளுநர் லூயி போன்வேன் தலைமையில் புதுச்சேரி, ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த ஜெனரல் தெ கோலின் சுதந்திர பிரான்சுப் பக்கம் சேர்ந்தது. இந்தோசீனாவோ ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசின் பக்கம் நின்றது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் போர் மூண்டபின் கடல்வழியும் அடைபட்டது. அந்த ஆண்டுகளில் இரு ஊர்களுக்கும் இடையே ஏதோ ஒரு வழியாக வந்து சேர்ந்த கடிதம் இருந்தால், அது பெட்டியிலேயே மிகவும் கவனிக்க வேண்டிய பொருளாகும். தணிக்கை அதிகாரி பிரித்துப் பார்த்து ஒட்டிய தாள் பட்டை உறையின் ஓரத்தில் இருந்தால், அதை அழுக்கு என்று உரித்துவிடாதீர்கள். 1945, 46-இல் ஹோ சி மின் தலைமையிலான வியட்மின் அரசு இந்தோசீனத் தபால்தலைகளின் மேல் 'வியட்நாம்' என்று தொடங்கும் வாசகத்தை மேலச்சாக இட்டுப் பயன்படுத்தியது. அத்தகையவை உறையோடு இருந்தால் அவற்றையும் தனியே வையுங்கள்.

தபால்தலையே இல்லாத உறைகள் சிலவும் இருக்கக்கூடும். மூலையில் பிரெஞ்சு எழுத்தில் 'எஃப். எம்.' என்று எழுதியோ குத்தியோ இருந்தால், அது படைவீரர்களுக்கு அளிக்கப்பட்ட கட்டணமில்லா அஞ்சல். தபால்தலையை மட்டும் பிரித்து வாங்கும் தரகர் இவற்றைக் குப்பையில் போடுவார். இவற்றில் சில, தபால்தலை ஒட்டிய உறைகளைக் காட்டிலும் அதிக விலைக்குப் போகும்.

புதுச்சேரிக்குள்ளிருந்து போன கடிதங்கள் இருந்தால் முத்திரையில் ஊர்ப்பெயரைப் பாருங்கள். பிரெஞ்சு அஞ்சலகத்தின் முத்திரையில் ஊர்ப்பெயருக்கு நடுவே 'ஆர்' என்ற எழுத்து ஒன்றுதான் இருக்கும். அங்கேயே இயங்கிய பிரிட்டிஷ் இந்திய அஞ்சலகத்தின் முத்திரையில் இரண்டு இருக்கும். இரண்டையும் தனித்தனிக் கட்டாக வையுங்கள், ஏனெனில் இரண்டையும் சேகரிப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். 1954 அக்டோபர் 18-இல் இந்தியாவுடன் இணைவது குறித்த கீழூர் வாக்கெடுப்பும் நவம்பர் 1-இல் ஆட்சி மாற்றமும் நடந்தன. அதையொட்டிய நாட்களின் முத்திரை உள்ள உறை, எவ்வளவு சாதாரணமாகத் தோன்றினாலும், தனியே இருக்கட்டும்.

ஆல்பத்தைப் பற்றி அதிக நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை. பழையது என்பதாலேயே அரியது ஆகிவிடாது. பிரெஞ்சிந்தியாவுக்கென்று தனித் தபால்தலைகள் 1892-இல் வந்தன. 1923-இல் மதிப்புகள் காசு, பணம், ரூபாய்க்கு மாறின. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். இவற்றில் பெரும்பாலானவை இன்றும் எளிதில் கிடைப்பவை. தாமரைப் பூவுடன் போர்க்காலத்தில் அச்சான தொகுப்பும் அப்படித்தான். விலை பெறக்கூடியவை 1941 தொடங்கி 'பிரான்ஸ் லீபர்' (சுதந்திர பிரான்சு) என்று மேலச்சு இட்டவற்றுள் சில. போலிகள் மலிந்திருப்பதும் அங்கேதான், ஏனெனில் மேலச்சு இல்லாத மலிவான பழைய தபால்தலையை வாங்கி அதன்மேல் இரண்டு சொற்களை அச்சடிப்பது மோசடிக்காரனுக்குச் சிரமமான வேலையே இல்லை. ஒரு சோதனையை நீங்களே செய்யலாம். முத்திரை குத்திய தபால்தலையைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியின் கீழ் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். மேலச்சின் எழுத்தும் முத்திரையின் வளைகோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் எந்த மை மேலே படிந்திருக்கிறது என்று பாருங்கள். அஞ்சலகத்தில் விற்பதற்கு முன்பே மேலச்சு இட்டாக வேண்டும். முத்திரை அதற்குப் பிறகே விழுந்திருக்க வேண்டும். முத்திரையின் மேல் மேலச்சு படர்ந்திருந்தாலோ, முத்திரையின் தேதி 1938 என்று இருந்தாலோ, அது போலி. முத்திரை படாத தபால்தலைகளுக்கு இந்தச் சோதனை உதவாது. அவற்றை வீட்டில் தீர்மானிக்க முயலாதீர்கள்.

1948-இல் சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் அச்சான பத்து ரூபாய் காந்தி தபால்தலை ஆல்பத்தில் இருந்தாலும் இதையே சொல்வேன். அதன் போலிகள் ஏராளம். 'சர்வீஸ்' என்ற மேலச்சுடன் அதே தபால்தலை நான்கு சேர்ந்த ஒரு பட்டை 2017-இல் ஐந்து லட்சம் பவுண்டுக்கு விற்றது என்ற செய்தியைப் படித்துவிட்டு, மேலச்சில்லாத சாதாரணப் பிரதியை வைத்துக்கொண்டு கோடிக்கணக்கு போடுபவர்களை நான் தொடர்ந்து சந்திக்கிறேன். அவர்களைத்தான் மோசடிக் கும்பல்கள் தேடி வருகின்றன. "உங்கள் தபால்தலைக்குப் பல லட்சம் தர ஆள் இருக்கிறது, பதிவுக் கட்டணமும் வரியும் முன்கூட்டி அனுப்புங்கள்" என்று தொலைபேசியில் எவர் கேட்டாலும் பேச்சைத் துண்டித்துவிடுங்கள். பழைய நாணயம், நோட்டு பேரில் இதே முறையில் நடக்கும் ஏமாற்றைக் குறித்து ரிசர்வ் வங்கி 2021-இல் பொது எச்சரிக்கையே விடுத்தது. விற்பவர் முன்பணம் கட்டும் ஏலம் நேர்மையான ஏலமாக இருக்க முடியாது.

உங்கள் முக்கியப் பயத்துக்கு வருகிறேன். அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்பது பாதி தெரிந்த சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தும் தரகர் தந்திரம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம், வரலாற்று மதிப்புள்ள பொருளுக்கு 100 ஆண்டும், கையெழுத்துப் படி, பதிவேடு, ஆவணம் ஆகியவற்றுக்கு 75 ஆண்டும் வரம்பாக வைத்திருக்கிறது. உங்கள் தாத்தாவின் கடிதங்களை வீட்டில் வைத்திருப்பதும், இந்தியாவுக்குள் ஓர் இந்திய ஏல நிறுவனத்தின் வழியாக விற்பதும் குற்றமல்ல. தொல்பொருள் விற்பதைத் தொழிலாக நடத்துபவருக்குத்தான் உரிமம் தேவை. பரம்பரைச் சொத்தை ஒருமுறை விற்கும் குடும்பம் வியாபாரி ஆகாது.

தடை இருப்பது ஏற்றுமதிக்கு. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பாரிசில் இருக்கும் உறவினர் மூலம் அங்கேயே விற்றுவிடலாம் என்ற யோசனை புதுச்சேரித் தொடர்புள்ள குடும்பங்களில் தவறாமல் எழுவதுதான். உறவினர் ஊருக்கு வந்து திரும்பும்போது கைப்பையில் பத்துக் கவரை வைத்து அனுப்புவது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் 1940களின் கடிதங்கள் எல்லாம் இப்போது 75 ஆண்டைத் தாண்டியவை. வரலாற்று மதிப்புள்ள ஆவணம் என்று கருதப்பட்டால், அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகும் உரிமை மத்திய அரசுக்கோ அது அதிகாரம் அளித்த அமைப்புக்கோ மட்டுமே உண்டு. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத, மூன்று ஆண்டு வரையிலான சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. கைப்பையில் போனாலும் கூரியரில் போனாலும் ஏற்றுமதி ஏற்றுமதியே. வெளிநாட்டு வாங்குபவரிடம் தபாலில் நேரடியாக அனுப்புவதும் அதே. தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்ற பொருளை மட்டுமே அனுப்பலாம்; அத்துறையின் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் எனக்குக் கடுமையான மனத்தாங்கல் உண்டு. உலகச் சந்தை மதிக்கும் சான்றிதழை வழங்குவது லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டி என்ற தபால்தலை ஆர்வலர் சங்கத்தின் நிபுணர் குழு போன்ற அமைப்புகள்தான். அந்தச் சான்றிதழுக்குப் பொருளையே அனுப்ப வேண்டும். 75 ஆண்டு கடந்த உறையை அனுப்பினால் ஏற்றுமதிச் சட்டம் குறுக்கே நிற்கிறது. உள்நாட்டிலேயே அதற்கு இணையான, எல்லோரும் ஏற்கும் அமைப்பு எனக்குத் தெரிந்து இல்லை. கோயில் சிலையையும் குடும்பக் கடிதத்தையும் ஒரே சல்லடையில் சலிக்கும் சட்டத்தால் சிலைக் கடத்தல்காரன் நின்றதாகத் தெரியவில்லை; பெட்டியைத் திறந்த குடும்பம்தான் பயந்து தரகரிடம் போகிறது. அஞ்சலகத்தில் தபால்தலை சேகரிப்பவர்களுக்கென்று உள்ள ஃபிலாடெலி கவுண்டரில் 200 ரூபாய் வைப்புத்தொகையில் கணக்குத் தொடங்கிப் புதிய தபால்தலைகளை வாங்கலாம். பழைய கவரைக் காட்டி ஆலோசனை கேட்டால் கையை விரிக்கிறார்கள். இத்தனை ஆண்டுப் பாரம்பரியமுள்ள துறைக்கு இது அழகல்ல.

விற்கத் தீர்மானித்தால் இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு உறையையும் முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து எண்ணிடுங்கள். எண்ணைப் பென்சிலால் வெளிப் பையில்தான் எழுத வேண்டும். "மதிப்பிட்டுத் தருகிறேன்" என்று எவர் கேட்டாலும் பெட்டியைக் கொடுத்தனுப்பாதீர்கள். போனது போலவே திரும்பி வராத பெட்டிகள் பல. நல்ல கவருக்குப் பதில் மட்டமான கவர் உள்ளே இருக்கும், அதை நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. ஸ்கேன்களை மட்டும் இரண்டு மூன்று ஏல நிறுவனங்களுக்கு அனுப்பி எழுத்து மூலம் மதிப்பீடு கேளுங்கள். விற்பவரிடம் பிடிக்கும் கமிஷன் எவ்வளவு, விற்காமல் போன பொருளுக்குக் கட்டணம் உண்டா, எந்த விலைக்குக் கீழ் விற்கக் கூடாது என்று நீங்கள் நிபந்தனை வைக்கலாமா, ஏலம் முடிந்து எத்தனை நாளில் வங்கிக் கணக்கில் பணம் வரும் என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே லாட்டாக, அதாவது ஒரே விலைக்கு விடும் ஒரே தொகுதியாக, போடச் சம்மதிக்காதீர்கள். நல்ல ஐந்து கவர்களின் விலையை மீதி 195 விழுங்கிவிடும். ரொக்கம் வேண்டாம். வரி குறித்து உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2011-இல் தானே புயல் கரையேறிய ஊரில் இருக்கிறீர்கள். பரண் மேலும் ஓடு ஒழுகினால் ஆபத்துதான், ஆகவே மரப் பீரோவின் நடுத்தட்டே நல்லது. பிளாஸ்டிக் கவர்களில் போட்டு மூடாமல் அமிலமற்ற காகித உறைகளில் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை ஓரத்தில் போடுங்கள். அந்துருண்டை வேண்டாம்.

இன்னொரு விஷயத்தையும் இப்போதே முடித்துக்கொள்ளுங்கள். பெட்டி தாத்தாவுடையது என்பதால் உங்களுக்கும் தம்பிக்கும் மட்டுமன்றி மற்ற வாரிசுகளுக்கும் அதில் பங்கு இருக்கலாம். பொருள் ஏலத்தில் ஏறிய பிறகு சித்தப்பா மகன் ஒருவர் ஆட்சேபித்தால், நிறுவனம் பணத்தை நிறுத்தி வைக்கும். எல்லோரிடமும் கையெழுத்துடன் கூடிய சம்மதக் கடிதத்தை வாங்கி, எண்ணிட்ட ஸ்கேன்களின் ஒரு படியை ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட்டு, அதன்பின் ஏல நிறுவனத்துக்கு எழுதுங்கள்.