புல் பச்சை, குதிரை மட்டும் மெலிகிறதே!

வாசகர் கேள்வி: கால்நடை வளர்ப்பு

கேள்வி: பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரை ஒன்றை வாங்கி, திறந்த மேய்ச்சலில் வளர்க்கிறோம். எடை 450 கிலோ இருக்கும். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் புல் கருகிவிடுகிறது. நேப்பியர் புல் வெட்டிப் போட்டு, தினமும் மூன்று கிலோ அரிசித் தவிடு வைத்தும் விலா எலும்பு தெரிகிறது. தவிட்டைக் கூட்டலாமா?
– வாசகர், நிபோங் திபால்

பதில்: கூட்டவே கூடாது, குறையுங்கள். நேப்பியரும் தவிடும் சேர்ந்தால் குதிரைக்குக் கேடு. நேப்பியர், செட்டேரியா போன்ற வெப்பமண்டலப் புற்களில் ஆக்ஸலேட் அதிகம். அது புல்லில் இருக்கும் கால்சியத்தைக் குடலிலேயே பிடித்துவைத்து லத்தியோடு வெளியே தள்ளிவிடும். தவிட்டிலோ கால்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் பாஸ்பரஸ். ஒன்று கால்சியத்தைப் பிடுங்க, மற்றொன்று மிச்சத்தையும் ஒட்டவிடாமல் செய்ய, உடல் தன் எலும்பையே கரைத்து இரத்தத்துக்குக் கால்சியம் கொடுக்கிறது. மாடு தப்பிவிடும், அதன் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்ஸலேட்டை உடைத்துவிடுகின்றன. மாட்டுக்காரர் சொல்லும் தீவன யோசனை குதிரைக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். முதலில் எடுத்துவைக்கும் அடி குறுகும், இன்று ஒரு கால் நாளை மறு கால் என்று நொண்டும். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே முகத்தின் இரு பக்கமும் புடைத்தால் நோய் முற்றிவிட்டது. அதுவரை காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அளவுக்கு வருவோம். குதிரைக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 2 சதவீதம் உலர்தீனி, அதாவது தண்ணீரைக் கழித்த தீவன எடை, வேண்டும். உங்கள் குதிரைக்கு 9 கிலோ. இளம் நேப்பியரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். புல்லை மட்டும் நம்பினால் தினம் 45 கிலோவுக்கு மேல் வெட்ட வேண்டும், கொஞ்சம் முற்றிவிட்டால் தண்டை ஒதுக்கிவிடும். அதனால் வறட்சி மாதங்களில் 5 கிலோ உலர்புல், 2 கிலோ அல்ஃபால்ஃபா, அதாவது குதிரை மசால், இரண்டையும் அடிப்படையாக வைத்து, மீதியை மேய்ச்சலும் நேப்பியரும் நிரப்பட்டும். குதிரை மசாலில் கால்சியம் தாராளம்.

அத்துடன் தாது கலவை: சுண்ணாம்புக்கல் தூள் ஒரு பங்கு, டைகால்சியம் பாஸ்பேட் இரண்டு பங்கு, இரண்டும் சேர்ந்து வாரத்துக்கு 1 கிலோ. ஒன்றரைக் கிலோ மொலாசஸில் (கரும்பாலைப் பாகு) குழைத்துப் பல வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், வெறும் தூளை முகர்ந்துகூடப் பார்க்காது. ஒரு எச்சரிக்கை, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு அல்ல இது. அது வாயைப் புண்ணாக்கிவிடும். கால்நடைத் தீவனக் கடையில் கேட்டு வாங்குங்கள். உப்பு தினம் 45 கிராம், வியர்த்தால் இன்னும் கூட. தீவன மாற்றம் எதுவானாலும் பத்து நாளாவது இழுத்துச் செய்யுங்கள்.

எடையை உத்தேசிக்க நாடா போதும்: முன்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து புட்டம் வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ. 175 சுற்றளவு, 165 நீளம் என்றால் 425 கிலோ. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். தீவனம் ஏற்றியும் எடை ஏறவில்லை என்றால் பல்லையும் குடற்புழுவையும் சந்தேகிக்கலாம். மென்ற புல் உருண்டையாக வாயிலிருந்து விழுந்தால் பல்லில்தான் கோளாறு.

கட்டாந்தரையில் கொறிக்கும் குதிரை மண்ணையும் விழுங்கும், அது வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். ஆறேழு லத்தி உருண்டைகளை ரப்பர் கையுறைக்குள் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, விரல்கள் கீழே தொங்கும்படி மாட்டிவிடுங்கள். கால் மணி நேரத்தில் மணல் விரல் நுனிகளில் படிந்தால், இனித் தீவனத்தைத் தரையில் கொட்டாமல் ரப்பர் விரிப்பில் வையுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் படிக்கும் என் மகள் வார இறுதியில் குதிரைப் பண்ணையில் வேலை செய்கிறாள். டிசம்பர் குளிரில் குதிரைகளை வெளியே விட்டு வெறும் உலர்புல்தான் போடுகிறார்களாம். பார்லி, ஓட்ஸ் கொடுத்தால்தானே உடம்பு சூடேறும்?
– வாசகி, அம்பாங்

பதில்: பண்ணைக்காரர்கள் செய்வது சரி. நார்த்தீனி பெருங்குடலில் நொதிக்கும்போது தொடர்ந்து வெப்பம் வருகிறது, உள்ளே அடுப்பு எரிவது மாதிரி. தானியத்தில் அவ்வளவு வராது. அங்கே குளிர்காலத்தில் புல் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும், பசுமை தெரிந்தாலும் சத்து சொற்பம். மழையும் காற்றும் சேர்ந்த நாளில் தானியத்தை அல்ல, உலர்புல்லைக் கூட்ட வேண்டும். மகளிடம் இரண்டு சொல்லுங்கள். குதிரைகளின் எண்ணிக்கையைவிட ஒரு குவியல் அதிகமாக, தள்ளித் தள்ளிப் போடட்டும், அப்போதுதான் அடங்கிய குதிரைக்கும் தீனி கிடைக்கும். குளிர்கால ரோமம் மெலிவை மறைக்கும், ஆகவே விலாவைக் கையால் அழுத்திப் பார்க்கட்டும். தொட்டியில் உறைந்த பனிக்கட்டியை நாளுக்கு இரு முறை உடைப்பதும் தீவனத்தின் பாதி. தண்ணீர் குறைந்தால் உலர்புல் குடலில் இறுகிவிடும்.

கேள்வி: அடுக்குமாடித் திடலில் இயந்திரம் வெட்டிய புல்லை மூட்டையாக வாங்கிக் குதிரைக்குக் கொடுக்கலாமா? இலவசமாகவே கிடைக்கிறது.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம். பொடியாக நறுக்கிய ஈரப்புல் மூட்டைக்குள் ஒரு மணி நேரத்திலேயே சூடேறிப் புளிக்கத் தொடங்கும். குதிரை மெல்லாமல் அள்ளி விழுங்கும், பிறகு வயிற்றுவலி, குளம்பு அழற்சி. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. களைக்கொல்லி தெளித்த திடலா என்பதையும் யாரும் சொல்ல மாட்டார்கள். உரக்குழியில் போடுங்கள், வேலிக்கு அந்தப் பக்கம், குதிரையின் கழுத்து எட்டாத தூரத்தில்.