மலை மேல ஒரு ஊர்

கேள்வி: அமெரிக்கத் தலைவர்கள் பேச்சுல 'கடவுள் தேர்ந்தெடுத்த நாடு'ங்கிற தோரணை அடிக்கடி வருதே, எங்கேர்ந்து வந்துச்சு சார்?

பதில்: பியூரிட்டன்கள்கிட்டேர்ந்துதான் பெரும்பாலும், அதாவது இங்கிலாந்துல இருந்த கறாரான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவங்க. 1630ல இங்கிலாந்துலேர்ந்து அமெரிக்காவுல மாசசூசெட்ஸுக்குக் கிளம்புன அவங்க கூட்டத்தோட தலைவர் ஜான் வின்த்ரோப், 'நாம மலை மேல இருக்கிற ஊர் மாதிரி, எல்லார் கண்ணும் நம்ம மேலதான்'னு பிரசங்கம் எழுதுனார், உவமை மத்தேயு சுவிசேஷத்துலேர்ந்து எடுத்தது. ஆனா அது பெருமை இல்லைங்க, பயம். கடவுளோட போட்ட ஒப்பந்தத்தை மீறினா உலகமே நம்மளப் பாத்து சிரிக்கும்னு அதே மூச்சுல சொல்றார், அந்தப் பாதியை பின்னாடி வந்தவங்க நைசா கழட்டி விட்டுட்டாங்க.

அந்த ஊர் லட்சணம் கேளுங்க: 1659ல கிறிஸ்துமஸ் கொண்டாடினா அஞ்சு ஷில்லிங் அபராதம் (ஆமா, கிறிஸ்துமஸுக்குத்தான்!), 1660ல மேரி டையர்னு ஒரு க்வேக்கர் (இன்னொரு கிறிஸ்தவப் பிரிவு) அம்மாவை பாஸ்டன்ல தூக்குலயே போட்டாங்க. மதச் சுதந்திரம் தேடி வந்தவங்கதான், ஆனா தங்களுக்கு மட்டும்.

1845ல பத்திரிகைக்காரர் ஜான் ஓ'சல்லிவன், கண்டம் முழுக்கப் பரவுறது நமக்குக் கடவுள் விதிச்சதுன்னு எழுதினார், 'மேனிஃபெஸ்ட் டெஸ்டினி'ங்கிற பேரு அப்போதான் பிரபலம், அடுத்த வருஷமே மெக்சிகோவோட போர். அதிபர் ரீகன் 1989 விடைபெறும் உரையில அந்த மலை மேல இருக்கிற ஊருக்கு 'ஜொலிக்கிற'ன்னு அடைமொழி போட்டார், வின்த்ரோப் எழுதினதுல அது கிடையாது.