ரைம்ஸ் என்றால் நேரமா?

ஐயா, வணக்கம். நான்காம் ஆண்டு படிக்கும் என் மகள் ஆங்கில வகுப்பில் 'த்ரீ ரைம்ஸ் ஃபோர்' என்று படித்துவிட்டு வந்து, "ரைம் எண்டால் நேரம்தானே அம்மா, பெருக்கலுக்குள்ள நேரம் ஏன் வந்தது?" என்று கேட்கிறாள். மல்ரிப்ளை என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்வீர்களா?
ஒரு தாய், விசுவமடு

அன்புள்ள சகோதரிக்கு,

அவளுடைய கணக்குக் கொப்பியைத் திறந்து 3 × 4 ஐ வாசிக்கச் சொல்லுங்கள். 'மூன்று தர நான்கு' என்பாள். அந்தத் 'தர'வில் எனக்குக் கேட்பது, "எத்தனை தரம் கூப்பிட்டனான், காது கேக்கேல்லையோ" என்று நீங்கள் ஏசும்போது வரும் தரம்தான். ஆங்கில ரைமும் அப்படியே. மணிக்கூட்டு நேரமும் அது, தடவையும் அது. நான்கை மூன்று தரம் எடு, அவ்வளவுதான்.

மல்ரிப்ளை இலத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. முன்பாதிக்குப் 'பல' என்று பொருள், பின்பாதிக்கு 'மடித்தல்'. பலவாக மடிப்பது. நெல் காயப்போடும் படங்கை இரண்டாக மடித்தால் இரண்டு அடுக்கு. அதையே மூன்றாக மடித்தால் ஆறு. மகளுக்கு இதைச் செய்து காட்டுங்கள், வாய்ப்பாடு பாடமாக்குவதைவிட நல்லது. இனி நம்முடைய 'மடங்கு' என்ற சொல்லைப் பாருங்கள். அதுவும் மடிப்புத்தான்! இம்முறை இரு மடங்கு விளைச்சல் என்கிறபோது யாருக்கு மடிப்பு நினைவு வருகிறது? தமிழும் இலத்தீனும் சொந்தக்காரர் இல்லை, ஆனாலும் இரண்டுக்கும் துணியை மடிக்கும்போதே கணக்கு வந்திருக்கிறது. டுப்ளிக்கேற் என்கிறோமே, அது இரண்டாக மடித்தது. நான் இப்போது எழுதும் ரிப்ளைகூடத் திருப்பி மடித்ததுதான்.

'பெருக்கல்' வேறு வழி. அதில் மடிப்பில்லை, தண்ணீர் இருக்கிறது. மாரியில் இரணைமடுக் குளம் பெருகி வான்கதவு திறக்கிறார்களே, அந்தப் பெருக்கு. தமிழ்நாட்டில் வீட்டைப் பெருக்குவார்கள், நாங்கள் முற்றம் கூட்டுகிறோம். விளக்குமாற்றிலும் இரண்டு கணக்கு!

பெருக்கல் குறி 1631 இல் வில்லியம் ஆட்ரெட் என்ற ஆங்கிலேயரின் புத்தகத்தில் வந்தது. ஜேர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸுக்கு அது பிடிக்கவில்லை. எக்ஸ் எழுத்தோடு குழம்பும் என்று புள்ளி போட்டார். அட்சரகணிதம் தொடங்கும்போது உங்கள் மகளும் அந்த இடத்தில் நின்று ஏதாவது கேட்பாள். அப்போதும் எழுதுங்கள்.