செவ்வாய் கிரகத்தில் காற்றழுத்தம் ரொம்பக் குறைவு என்கிறார்களே, அங்கே கீரை, காய்கறி வளர்க்க முடியுமா?

திறந்த வெளியில் நட்டால் முடியாது. செவ்வாயின் தரையில் காற்றழுத்தம் சுமார் 0.6 கிலோபாஸ்கல், பூமியில் கடல் மட்டத்தில் 101. அங்கே தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். கூடாரம் கட்டித்தான் ஆக வேண்டும். கூடாரத்துக்குள் எவ்வளவு அழுத்தம் வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முழு 101 வைத்தால், சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 10 டன் பளு உள்ளிருந்து வெளியே தள்ளும். அதைத் தாங்கும் சுவரை இங்கிருந்து ராக்கெட்டில் ஏற்ற வேண்டும். கால்வாசியாகக் குறைத்தால் எடையும் மிச்சம், கசிவும் மிச்சம்.

செடி ஒத்துக்கொள்ளுமா? பயிர் உடலியங்கியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நாம் நினைப்பதைவிட நன்றாகவே ஒத்துக்கொள்ளும். 3500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லடாக்கின் லே நகரில் காற்றழுத்தம் 65 கிலோபாஸ்கல்தான். பார்லியும் ஆப்ரிகாட்டும் விளைகின்றன. அங்கே விவசாயிக்குப் பெரிய எதிரி குளிர். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் முள்ளங்கியை 33-லும், அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் லெட்டூஸ் கீரையை 25-லும் வளர்த்திருக்கிறார்கள். ஆனால் சாதாரணக் காற்றையே 25-க்கு இறக்கினால் அதில் ஆக்சிஜன் 5 கிலோபாஸ்கல்தான் தேறும். இலை பகலில் தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்ளும், வேரும் முளைக்கும் விதையும் என்ன செய்யும்? அதனால் ஆக்சிஜன் விகிதத்தைக் கூட்ட வேண்டும்.

இதைவிட சுவாரசியமான சிக்கல் தண்ணீர். ஊசி போடும் சிரிஞ்சில் (ஊசி இல்லாமல்) 70 டிகிரி வெந்நீர் கொஞ்சம் உறிஞ்சி, வாயை விரலால் அடைத்துப் பின்தண்டை இழுத்துப் பாருங்கள். அடுப்பே இல்லாமல் தண்ணீர் குமிழி விட்டுக் கொதிக்கும். அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீருக்கு ஆவியாக அவ்வளவு அவசரம். காற்று மெலிந்தால் இலையிலிருந்து கிளம்பும் நீராவியும் வேகமாகப் பரவிப் போய்விடும்.

2004-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஃபெர்ல், அன்னா லிசா பால் குழு, அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியை 10 கிலோபாஸ்கலில் வைத்துப் பார்த்தது. 200-க்கும் மேற்பட்ட மரபணுக்களின் செயல்பாடு மாறியது. ஆக்சிஜன் பற்றாக்குறைதான் காரணம் என்றால், சாதாரண அழுத்தத்தில் ஆக்சிஜனை மட்டும் குறைத்தாலும் அதே மாற்றம் வர வேண்டும். பாதிக்கும் குறைவானவைதான் அப்படி ஒத்துப்போயின. மீதியில் வறட்சிக்கான மரபணுக்கள் விழித்திருந்தன. தண்ணீருக்குக் குறையே இல்லை, ஆனாலும் செடி பஞ்சம் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டது!

இதற்கு வைத்தியம், கூடாரத்தின் ஈரப்பதத்தை உயர்த்தி வைப்பது. அளவு மீறினால் பூஞ்சை வரும், அது வேறு தலைவலி.

அப்புறம் ஒன்று. 2015-ல் விண்வெளி நிலையத்தில் லெட்டூஸ் சாப்பிட்டார்களே, 2024 டிசம்பரில் பி.எஸ்.எல்.வி. சி60-ல் போன இஸ்ரோவின் காராமணி நாலே நாளில் முளைத்ததே என்று பலர் கேட்பார்கள். இரண்டுமே எடையின்மையில் செடி எப்படி வளர்கிறது என்று பார்த்தவை. விண்வெளி நிலையத்துக்குள் அழுத்தம் பூமியைப் போலத்தான்.

எனக்கு இடிக்கும் இடம் செடி இல்லை, பறிக்கப் போகும் ஆள். 10 கிலோபாஸ்கலில் ஆக்சிஜன் மாஸ்க் போதாது, அழுத்த உடையே வேண்டும். 25-ல் மாஸ்க் போதும், ஆனால் முழு அழுத்தத்தில் இருந்துவிட்டு நேரே உள்ளே போனால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டும். முன்கூட்டியே சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஒரு கட்டுக் கீரைக்குத் தினமும் யார் இதைச் செய்வார்கள்? சுவர் கொஞ்சம் கனத்தாலும் பரவாயில்லை என்று 50-ஐ ஒட்டி வைப்பதற்கே என் ஓட்டு.