விரலைக் குறை சொல்லும் முன்: எலெக்ட்ரிக் கிட்டார் கேள்வி – பதில்

எலெக்ட்ரிக் கிட்டார் பழகத் தொடங்கியிருக்கும் வாசகர்களின் கடிதங்களில் ஒரே ஐயம் வெவ்வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வருகிறது: ‘எனக்கு இது வராதோ?’ அந்த ஐயத்தை எழுப்பும் தொல்லைகளில் பல, கருவியைச் சரிசெய்தால் தீர்பவை. வேறு பல, காது கூர்மையானால் தீர்பவை. உண்மையிலேயே விரலைச் சேர்ந்தவை மிகச் சிலவே.

கேள்வி (கல்லூரி மாணவர்): மின்சாரம் இல்லாமலே ஒலிக்கும் அகூஸ்டிக் கிட்டாரில் ஓராண்டாவது பழகிய பிறகே எலெக்ட்ரிக் கிட்டாரைத் தொட வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நேரடியாக இதில் தொடங்கினால் அடிப்படை கெட்டுவிடுமா?

பதில்: கெடாது. அகூஸ்டிக் கிட்டாரில் தொடங்கினால் விரல் உரமேறும் என்பது உண்மைதான். உரமேறுவதற்கு முன்பே பலர் கிட்டாரை மூலையில் சாய்த்துவிடுகிறார்கள் என்பதும் உண்மை. எலெக்ட்ரிக் கிட்டாரில் பூட்டப்படும் மிக மெல்லிய தந்தி பெரும்பாலும் 0.009 அல்லது 0.010 அங்குலத் தடிமன் கொண்டது. அகூஸ்டிக்கில் அதே இடத்தில் 0.012 அங்குலத் தந்தி இருப்பது வழக்கம். இந்தச் சிறிய வேறுபாட்டைப் புதியவரின் விரல்நுனி நன்றாக உணரும். ஆனால் எலெக்ட்ரிக் கிட்டார் வேறொரு வேலையை நம் தலையில் கட்டும். வாசிக்காத தந்திகளை ஒலிக்காமல் அடக்கி வைப்பதே அது. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். எந்த இசையைக் கேட்டு உங்களுக்குக் கிட்டார்மேல் ஆசை வந்ததோ, அந்த இசை எந்த வகைக் கிட்டாரில் வாசிக்கப்பட்டதோ, அதிலேயே தொடங்குங்கள்.

கேள்வி (வங்கி ஊழியர்): மூன்று மாதங்களாகப் பழகுகிறேன். மற்ற கார்ட்கள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) ஓரளவு வருகின்றன. எஃப் கார்ட் மட்டும் வரவே இல்லை. என் விரல்கள் குட்டையானவை. விட்டுவிடலாமா?

பதில்: விடுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளே ஃப்ரெட்கள்; அதே விரலமைப்பை அப்படியே ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு நகர்த்தி வாசியுங்கள். அங்கே ஒலி ஓரளவு தெளிவாக வந்து, முதல் ஃப்ரெட்டில் மட்டும் வராவிட்டால், உங்கள் விரல்களின் நீளத்தைப் பழிக்க வேண்டியதில்லை. கழுத்தின் முனையில் தந்திகள் அமரும் நட் என்னும் துண்டு உயரமாக இருக்கக்கூடும். அதையும் சோதிக்க வழி உண்டு. ஒரு தந்தியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மயிரிழை அளவு மட்டுமே இருக்க வேண்டும். கண்ணுக்குத் தாராளமாகத் தெரிந்தால் நட்டின் பள்ளங்களை அராவ வேண்டும். அதை நீங்களே அராவாதீர்கள். ஒருமுறை அதிகமாக அராவிவிட்டால் புது நட்தான் போட வேண்டியிருக்கும். கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் தந்தியின் உயரத்தையும் அப்படியே பார்க்கச் சொல்லுங்கள். அது இரண்டு மில்லிமீட்டரை ஒட்டியோ சற்றுக் குறைவாகவோ இருந்தால் பழகுபவருக்கு வசதி.

கருவி சரியாக இருந்தும் கார்ட் வரவில்லை என்றால் அடுத்து அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். ஆறு தந்திகளையும் சுட்டுவிரல் ஒரே பலத்தோடு அழுத்த வேண்டும் என்று நினைத்தே பலர் கையை நோகடித்துக்கொள்கிறார்கள். எஃப் கார்டில் சுட்டுவிரலின் பொறுப்பு முதல், இரண்டாம், ஆறாம் தந்திகள் மட்டுமே (மிக மெல்லியது முதல் தந்தி). நடுவில் உள்ள மூன்றையும் மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. எனவே விரலின் சதைப்பற்றான உட்புறத்தை விட்டு, கட்டைவிரல் பக்கமாகச் சற்றே உருட்டி, எலும்பு தட்டுப்படும் ஓரத்தால் ஃப்ரெட்டுக்கு மிக அருகில் அழுத்துங்கள். கட்டைவிரலால் கிடுக்கி போலப் பிடிக்காமல், முன்கையின் எடை பின்னோக்கி இழுப்பதை விரலுக்குக் கடத்தினால் களைப்பு குறையும். அதுவரை நான்கு மெல்லிய தந்திகளில் மட்டும் வாசிக்கும் சிறிய எஃப் கார்டை வைத்துக்கொண்டு பாடல்களைத் தொடருங்கள். அது குறுக்குவழி அன்று, தேர்ந்தவர்களும் வாசிக்கும் வடிவந்தான்.

விரல்களைப் பற்றிக் கேட்டதால் இருவரை நினைவூட்டுகிறேன். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் 1928-இல் ஒரு தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகு, தனிச்சுரங்களை எஞ்சிய இரண்டு விரல்களாலேயே பெரும்பாலும் வாசித்தார். பிளாக் சபாத் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி 1965-இல், பதினேழு வயதில், தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல்நுனிகளை இழந்தார். உருக்கிய பிளாஸ்டிக்கால் தொப்பிகள் செய்து விரல்களில் மாட்டிக்கொண்டு, அழுத்துவதற்கு எளிதான மெல்லிய தந்திகளுக்கும் மாறினார். இந்தக் கதைகளை மாணவர்களைக் குற்றவுணர்வுக்கு ஆளாக்கும் சாட்டையாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. இருவருமே வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை, வாசிக்கும் முறையையும் கருவியையும் தங்கள் கைக்கு ஏற்ப மாற்றினார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கேள்வி (இல்லத்தரசி): விரல்நுனிகள் எரிகின்றன. எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

பதில்: தோல் தடிக்கச் சில வாரங்கள் ஆகும். நாள்தோறும் சிறிது நேரம் வாசித்தால் விரைவில் தடிக்கும்; கைகளைத் தண்ணீரில் நனைத்த உடனே வாசிக்காதீர்கள். நுனித்தோலின் எரிச்சல் இயல்பானது. மணிக்கட்டிலோ மூட்டுகளிலோ வலியும் விரல்களில் மரத்துப்போகும் உணர்வும் இயல்பானவை அல்ல. அவை வந்தால் அன்றே நிறுத்துங்கள்; ஓய்வெடுத்தும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவர்): ஆம்ப்ளிஃபையரில் டிஸ்டார்ஷனை முழுவதுமாக ஏற்றி வாசித்தாலும் இசைத்தட்டில் கேட்பதுபோல் கனமாக இல்லை, ஒரே இரைச்சலாக இருக்கிறது. எனக்கு வேறு பெடல் வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. முதலில் டிஸ்டார்ஷனைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழைப் பாதியாகக் குறை. காரணத்தைச் சொல்கிறேன்.

கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிச் செம்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றிய சுருள். இரும்பு கலந்த தந்தி அதன் மேல் அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல்தான். பிக்கப்புக்கு நீ வேண்டுமென்று மீட்டிய தந்தி எது, விரல் உரசித் தானாக முனகிய தந்தி எது என்ற வேறுபாடு தெரியாது. டிஸ்டார்ஷன் என்பது அந்த அலையின் உச்சிகளை வெட்டி, மெல்லிய ஒலியையும் பெரிய ஒலியையும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவது. ஆகவே அந்த முனகலும் நீ வாசித்த சுரத்துக்குச் சமமாக எழுந்து நிற்கிறது. இசைத்தட்டில் நீ கேட்கும் கனத்தில் பெரும்பங்கு, வாசிக்காத தந்திகள் சுத்தமாக அடங்கியிருப்பதால் வருவது. தடித்த தந்திகளை வலக்கை உள்ளங்கையின் ஓரத்தாலும், மெல்லிய தந்திகளை இடக்கைச் சுட்டுவிரலின் அடிப்பக்கத்தாலும் இலேசாகத் தொட்டுக்கொண்டே வாசிக்கப் பழகு. டிஸ்டார்ஷன் இல்லாமல் ஒரு வாரம், பிறகு சிறிதளவோடு ஒரு வாரம் என்று ஏற்றிக்கொண்டு போ.

இன்னொரு நுட்பமும் உண்டு. டிஸ்டார்ஷனில் இரண்டு சுரங்களைச் சேர்த்து ஒலித்தால் அவற்றின் அதிர்வெண் வேறுபாட்டுக்குச் சமமான மூன்றாவது ஒலி ஒன்றும் தானாகப் பிறக்கும். ஐந்தாம் தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். அதன் பஞ்சமம் ஏறத்தாழ 165. வேறுபாடு 55, அதாவது அதே சுரம் ஒரு ஸ்தாயி கீழே. பவர் கார்ட் எனப்படும் இரண்டு சுரக் கார்ட் அவ்வளவு கனமாக ஒலிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பஞ்சமத்துக்குப் பதில் காந்தாரத்தைச் சேர்த்தால், அது ஏறத்தாழ 138.6 என்பதால், வேறுபாடு 28.6 ஆகிறது, 27.5 ஆக இருந்தால்தான் அது கீழ் ஸ்தாயியோடு சேரும். அந்தச் சேராத ஒலியைத்தான் நீ இரைச்சல் என்கிறாய். எனவே முழுக் கார்ட்களைத் தெளிந்த ஒலியிலும் பவர் கார்ட்களை டிஸ்டார்ஷனிலும் வாசித்துப் பார்.

கையே வைக்காதபோதும் கேட்கும் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் மட்டும் உன் தவறு அன்று. ஒற்றைச் சுருள் பிக்கப், சுற்றுப்புறத்து மின்கம்பிகளின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அலைவைப் பிடித்துக்கொள்கிறது. இரட்டைச் சுருளைக் கொண்ட ஹம்பக்கரில் இரண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் அந்த ஒலி ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்கிறது. உட்கார்ந்திருக்கும் திசையைச் சற்றே மாற்றினாலும் குறையும்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை): சுருதி காட்டும் டியூனர் ஆறு தந்திகளும் சரி என்று காட்டுகிறது. கார்ட் பிடித்தால் மட்டும் சுருதி பிசகுகிறது. என் காதில் கோளாறா?

பதில்: உங்கள் காது நன்றாக வேலை செய்கிறது அம்மா, பிசகைக் கண்டுபிடித்ததே அதுதான். மெல்லிய தந்தியை வேண்டியதற்கு மேல் அழுத்தினால் அது இழுபட்டுச் சுருதி உயரும். ஒலி தெளிவாக வரும் மிகக் குறைந்த அழுத்தம் எதுவென்று ஒவ்வொரு தந்தியிலும் தேடிப் பாருங்கள். அடுத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே தந்தியை இலேசாகத் தொட்டு மீட்டும் மணியொலியையும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டும் ஒலியையும் டியூனரில் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய ஒலி கூடுதலாக இருந்தால் கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில், அந்தத் தந்தி அமரும் சாடில் என்னும் சிறு துண்டைப் பின்னுக்கும், குறைவாக இருந்தால் முன்னுக்கும் திருக வேண்டும். தந்தி பழையதாக இருந்தால் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். முதலில் தந்தியை மாற்றுங்கள். சுருதி சேர்க்கும்போது எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கி மறுபடி ஏற்றுங்கள், இல்லையெனில் தந்தி சிறிது நேரத்தில் தானே தளரும்.

கேள்வி (பெயர் தவிர்த்த வாசகர்): வயது நாற்பத்தாறு. நாளுக்கு இருபது நிமிடமே கிடைக்கிறது. அதில் எதைப் பழகுவது?

பதில்: இருபது நிமிடம் நாள்தோறும் கிடைக்கிறதென்றால், ஞாயிறன்று மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருபவரைவிட நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். கிட்டாரைப் பெட்டிக்குள் பூட்டாமல் கண்ணில் படும்படி ஸ்டாண்டில் வையுங்கள். எடுத்துப் பூட்டவும் கழற்றவும் ஆகும் நேரமே பலரின் பயிற்சியைத் தின்றுவிடுகிறது. உங்களுக்குத் தடுக்கும் ஒரே ஒரு கார்ட் மாற்றத்தை எடுத்துக்கொண்டு, சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, நான்கு தட்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். தட்டுக்குக் கை பிந்தாமல் தொடர்ந்து பத்து முறை வந்தால் 64, தடுக்கினால் 56. வேகத்தை ஏற்றுவதில் பெரியவர்கள் சிறுவர்களைவிட அவசரக்காரர்கள் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கடைசி எட்டு நிமிடங்களை ஒரு முழுப் பாடலுக்கு ஒதுக்கி, தவறினாலும் நிற்காமல் இறுதிவரை வாசியுங்கள். முன்பகுதியில் தவறைத் திருத்தலாம். இந்தப் பகுதியில் திருத்தக் கூடாது.

வாரம் ஒருமுறை கைபேசியில் ஒரே பாடலைப் பதிவு செய்து, தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதிவை உடனே கேட்டால் மனம் சோரும். நான்கு வாரங்கள் கழித்து முதல் பதிவையும் நான்காவதையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, அப்போதும் முன்னேற்றம் தெரியவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.