நேவல் சயன்ஸ் படிச்சா நேவி ஆபிசரா?

கேள்வி: சேர், நான் இந்த முறை ஏ.எல் மெத்ஸ் எடுத்துட்டு ரிசல்ட் வரும்வரைக்கும் சும்மா நிக்கிறன். எங்கட பெரியம்மாட மகன் அமெரிக்காவில கம்பஸ்ல நேவல் சயன்ஸ் படிக்கிறாராம், முடிச்சா நேரா நேவி ஆபிசராம். ஆனா டிகிரி வரலாறு எண்டும் சொல்றார், எனக்கு விளங்கல்ல. நம்மட நாட்டில இது எங்க படிக்கலாம்? வீட்ட இன்னும் சொல்லல்ல.
(பெயர் வேணாம், களுவாஞ்சிகுடி)

பதில்: தம்பி, அண்ணன் சொன்ன ரெண்டும் சரிதான். அங்க நேவல் சயன்ஸ் எண்டு தனி டிகிரிக்குப் போறல்ல. என்.ஆர்.ஓ.டி.சி எண்டு நேவிக்கு ஆபிசர்மாரப் பழக்கிற, 1926ல தொடங்கின திட்டம், சாதாரண யுனிவர்சிட்டிக்குள்ளயே நடக்குது. பிள்ளை வரலாறோ இன்ஜினியரிங்கோ விரும்பினத செய்வான், அதோட சேர்த்து கடல்ல வழி கணிக்கிறது, கப்பல்ட இன்ஜின், ஆயுதம், கடற்போர் வரலாறு எண்டு நேவல் சயன்ஸ் பாடங்களும் எடுக்கோணும், யூனிஃபோம் போட்டு டிரில் இருக்கு, லீவுக்கு வீட்ட வராம கப்பல்ல பயிற்சி. நேவி ஸ்கொலர்ஷிப்ல போனவன் வரலாறு படிச்சாலும் கல்குலஸும் பிசிக்ஸும் செய்தே ஆகோணும். முடிய 'என்சைன்' எண்ட ஆரம்ப ஆபிசர் ராங்க், பிறகு குறைஞ்சது 5 வருச சேவை. அந்த நாட்டு சிட்டிசனுக்குத்தான் அந்த ஸ்கொலர்ஷிப், அதால அத விட்டுட்டு நம்மட நாட்டுக்கு வருவம்.

இஞ்ச ரத்மலானையில கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம், எல்லாரும் கேடியு எண்டுதான் சொல்றது. அங்க கெடெட்டா போறதும் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போறதும் ஒண்டில்ல தம்பி. வந்தாறுமூலையில நீங்க மாணவன், அங்க படையில சேந்த ஆள், படிப்பு பிறகுதான். சம்பளம் தருவாங்க, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் ஃப்ரீ, படிப்பு முழுக்க இங்கிலீஷ்ல. அதுக்குப் பதிலா இத்தின வருசம் வேலை செய்யிறன் எண்டு பொண்ட் சைன் வைக்கோணும், நடுவில விட்டுட்டு வந்தா காசு கட்டோணும், அந்தப் பேப்பர வாசிக்காம சைன் வைக்கவே கூடாது. அதே கேடியுல காசு கட்டிப் படிக்கிற சிவில் பிள்ளைகளும் இருக்காங்க, டிகிரி கிடைக்கும், ஆபிசர் ஆகிறல்ல, இதக் குழப்பிட்டு என்னட்ட வந்த தாய் தகப்பன் கன பேர். மற்ற வழி நேரா நேவிக்கு கெடெட்டா விண்ணப்பிச்சு திருகோணமலை அகடமிக்குப் போறது, 1967ல தொடங்கினது, வாகரை, மூதூர் பக்கமா பஸ் ஏறினா போய்ச் சேரலாம்.

இதுக்கெல்லாம் முதல் ஒரு வேலை, கண்ணச் செக் பண்ணுங்க. நான் 20 வயசில ஒரு கப்பல் கம்பனி இன்டர்வியூக்குப் போனன், மெடிக்கல்ல ஒரு புத்தகத்த விரிச்சாங்க, பக்கம் முழுக்க கலர் புள்ளி, என்ன இலக்கம் எண்டு கேக்க நான் கெத்தா 21 எண்டன், அந்த டொக்டர் ஒண்டும் பேசாம எழுதிட்டு அடுத்த பக்கத்தத் திருப்பினார். நான் 21 எண்ட பக்கத்தில உண்மையா இருந்தது 74. எனக்கு சிவப்பு பச்சை சரியாத் தெரியாதெண்டு அண்டைக்குத்தான் தெரியும், அதுவரைக்கும் மாம்பழத்த அமத்திப் பாத்துத்தான் வாங்குவன், எல்லாரும் அப்பிடித்தான் எண்டு நினைச்சிட்டன். ராவில கப்பல்ட இடப்பக்கம் சிவப்பு லைட், வலப்பக்கம் பச்சை, எதிர வாறவன் எந்தப் பக்கத்தக் காட்டிட்டு வாறான் எண்டு அத வெச்சுத்தான் பிடிக்கிறது, அது தெரியாதவன்ட கையில கப்பலக் குடுப்பாங்களா?

வீட்ட சொல்லல்ல எண்டீங்க. 1960ல இருந்து 1970 வரைக்கும் நேவிக்குத் தளபதியா இருந்தது ராஜன் கதிர்காமர், தமிழர், அந்தத் திருகோணமலை அகடமி வந்ததே அவர்ட காலத்தில. 2017ல ட்ராவிஸ் சின்னையா கொஞ்ச நாள் இருந்தார். இதெல்லாம் அம்மாட்ட சொல்லலாம், ஆனா ரெண்டுக்கும் இடையில என்ன நடந்ததெண்டு களுவாஞ்சிகுடியில இருக்கிற ஆளுக்கு நான் சொல்லத் தேவல்ல. அந்த யூனிஃபோமக் கண்டா அம்மாக்கு ஞாபகம் வாறது வேற. 'அது பழைய கதை' எண்டு மட்டும் சொல்லிராதீங்க, இன்டர்வியூக்கு முதல் நாள் சொல்லவும் வேணாம், இப்பவே பக்கத்தில இருந்து கதைங்க, அழுதா அழட்டும்.

கேள்வி: மகளுக்கு கடல் சம்பந்தமாப் படிக்க விருப்பம், ஆனா படை கிடை ஒண்டும் வேணாம். வழி இருக்கா?
(ஒரு தாய், கல்முனை)

பதில்: இருக்கு அக்கா. ருகுணு பல்கலைக்கழகத்தில மீன்பிடி, கடல் விஞ்ஞானத்துக்கெண்டே ஒரு பீடம் இருக்கு, அது ஏ.எல் பயோ பிள்ளைகளுக்கு நல்லது. 2014ல சட்டம் போட்டு வந்த சமுத்திரப் பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பிலயும் கல்லூரி இருக்கு, வீட்டுக்குக் கிட்ட, மகளையும் கூட்டிட்டு நேரில போய்க் கேளுங்க.

கேள்வி: மட்டக்களப்புக் கடலுக்க கிடக்கிற பெரிய கப்பல் எந்த நாட்டுக் கப்பல்?
(9ம் வகுப்பு, கல்லடி)

பதில்: இங்கிலாந்துக் கப்பல் மகன், பேர் ஹெர்மிஸ். விமானம் தாங்கிக் கப்பலா இருக்கோணும் எண்டே பிளான் போட்டுக் கட்டத் தொடங்கின முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9ம் திகதி ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டுத் தாட்டது, 300 பேருக்கு மேல செத்தாங்க. அண்டைக்கு அந்தக் கப்பல்ல ஒரு விமானமும் இருக்கல்ல.