இன்னொரு கிராஃபிக்ஸ் கார்டு போடலாமா? கேள்வி-பதில்

கேள்வி: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு வைத்திருக்கிறேன். இன்னொரு 3060 போட்டால் எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்குத் திரையில் வரும் ஃபிரேம்களின், அதாவது படங்களின் எண்ணிக்கை) இரண்டு மடங்கு ஆகுமா?

இரண்டு மடங்கு என்ன, ஒரு ஃபிரேம்கூட ஏறாது. 3060-இல் எஸ்எல்ஐ (கார்டுகளை இணைத்து ஒரே கேமை ஓட்டும் என்விடியாவின் முறை) வசதியே இல்லை. 30 வரிசையில் அந்த இணைப்பு இருந்தது 3090-க்கும் 3090 டிஐ-க்கும் மட்டும்தான், 2022-இல் 4090 வந்தபோது அதையும் எடுத்துவிட்டார்கள். கேம் ஓடும்போது இரண்டாவது கார்டு சும்மா உட்கார்ந்து கரண்ட் தின்னும், அவ்வளவுதான். இருப்பதை விற்றுவிட்டு, அந்தக் காசையும் போட்டு ஒரே பெரிய கார்டாக வாங்குங்கள்.

கேள்வி: முன்பெல்லாம் இரண்டு மூன்று கார்டு போட்டு விளையாடினார்களே, அது ஏன் ஒழிந்தது?

நல்ல கேள்வி. என்விடியா 2004-இல் எஸ்எல்ஐ கொண்டுவந்தது, அடுத்த வருடமே போட்டி நிறுவனமான ஏடிஐ, கிராஸ்ஃபயர் என்ற தன் முறையோடு வந்தது. பெரும்பாலும் ஒரு ஃபிரேமை ஒரு கார்டும் அடுத்ததை மற்ற கார்டும் மாற்றி மாற்றி வரையும். சிக்கல் என்னவென்றால், அந்த ஃபிரேம்கள் சீரான இடைவெளியில் வராது. மீட்டர் 60 காட்டும், ஆனால் கண்ணுக்குத் தட்டித் தட்டி ஓடுவதுபோல் இருக்கும். அப்புறம் டிஏஏ (விளிம்புகளை மழுப்பிச் சீராக்குவது), அப்ஸ்கேலிங் (சின்னதாக வரைந்து பெரிதாக்குவது) என்று முந்தைய ஃபிரேமின் தகவலை வைத்து அடுத்ததைச் செப்பனிடும் முறைகள் எல்லா கேமிலும் நுழைந்தன. அந்த முந்தைய ஃபிரேமோ பக்கத்துக் கார்டில் கிடக்கிறது, அதைக் கொண்டுவருவதற்குள் லாபம் போய்விடும். டைரக்ட்எக்ஸ் 12 (கேம் கார்டோடு பேசப் பயன்படும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) வந்ததும் இந்தத் தலைவலி டிரைவர் எழுதுபவர்களிடமிருந்து கேம் எழுதுபவர்கள் தலைக்கு மாறியது, இரண்டு கார்டு வைத்திருக்கும் சிலருக்காக யார் மெனக்கெடுவார்கள்? 20 வரிசைக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் புது எஸ்எல்ஐ புரொஃபைல் (ஒவ்வொரு கேமுக்கும் டிரைவரில் தரும் தனி அமைப்பு) தருவதை 2021 ஜனவரியோடு என்விடியாவும் நிறுத்திக்கொண்டது.

கேள்வி: இரண்டு 1080 டிஐ இருக்கிறது. 11-உம் 11-உம் சேர்ந்து 22 ஜிபி வி-ரேம் (கார்டின் சொந்த நினைவகம்) தானே?

இல்லை, கேமுக்கு 11 தான். ஒரே டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படத்தை) இரண்டு கார்டும் தனித்தனியாக ஏற்றி வைத்துக்கொள்ளும். பழைய டைரக்ட்எக்ஸ் 11 கேம்கள் மட்டும் விளையாடுவதென்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கார்டின் உபயோகம் 55 சதவீதம்தான் காட்டுகிறது, ஆனாலும் கேம் திணறுகிறது. கார்டு போதவில்லையா?

பாதி நேரம் சும்மா இருக்கும் கார்டுக்குத் துணைக்கு ஆள் எதற்கு? ரெசல்யூஷனை 1440-இலிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள், கார்டுக்கு வேலை குறையும். எஃப்பிஎஸ் அசையவில்லை என்றால் பெரும்பாலும் பிராசஸர்தான் காரணம். அதன் மொத்த சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதற்குள் இருக்கும் பல கோர்களில் ஒரே ஒரு கோர் முட்டிக்கொண்டு நின்றாலும் மொத்தத்தில் 20, 30 என்றுதான் தெரியும்.

கேள்வி: மூன்று மானிட்டருக்கு இரண்டு கார்டு வேண்டுமா?

வேண்டாம். பின்னால் இருக்கும் போர்ட்டுகளை எண்ணிப் பாருங்கள், மூன்று நான்கு இருக்கும்.

கேள்வி: அப்படியானால் இரண்டாவது கார்டுக்கு வேலையே இல்லையா?

கேமுக்கு வெளியே நிறைய இருக்கிறது. 3டி படம் செய்யும் பிளெண்டர் மென்பொருளில் சைக்கிள்ஸ் ரெண்டர் இரண்டையும் பிழிந்து வேலை வாங்கும், எஸ்எல்ஐ தேவையில்லை. ஏஐ மாடலை வீட்டிலேயே ஓட்டுபவர்கள் அதன் அடுக்குகளை இரண்டு கார்டுக்கும் பிரித்துக் கொடுக்கலாம், அங்கே வி-ரேம் உண்மையாகவே கூடும். கேம் பக்கம் சொல்லும்படியான விதிவிலக்கு: லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற மென்பொருள். பெரிய கார்டு கேமை ஓட்ட, இடைச்செருகல் ஃபிரேம்களைச் சின்ன கார்டு உருவாக்கும்; மானிட்டர் கேபிளைச் சின்ன கார்டில் சொருகுங்கள். வேகமாகச் சுடும் போட்டி கேம்களுக்கு இது எனக்குப் பிடிக்காது, தாமதம் கூடும்.

வாங்கும் முன் இரண்டாவது ஸ்லாட்டை மதர்போர்டு கையேட்டில் பாருங்கள். நீளம் 16 லேனுக்கு (தகவல் போகும் பாதைகளுக்கு) இருக்கும், உள்ளே ஓடுவது பல போர்டுகளில் 4 லேன்தான். பவர் கணக்கும் முக்கியம்: ஸ்லாட் 75 வாட் தரும், ஒவ்வொரு 8-பின் கேபிளுக்கும் 150 வாட். கேபிள் போதவில்லை என்று ஸ்ப்ளிட்டர் மாட்டி ஒப்பேற்றாதீர்கள், உருகிப்போன பிளக்குகளை நிறையப் பார்த்தாயிற்று.